முருகையா பானையும் நல்லசாமி பல்லும்

இது நூற்றுக்கு நூறு நடந்த கதை. கொஞ்சம் நீட்டியிருக்கிறேன், அதுவும் உண்மை. ரப்பர் மரத்தைக் கீறாமல் பால் வருமா?

மலாயாவில் வெள்ளைக்காரன் ஆட்சி, பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டத்தில் அப்போது அவசரகாலம். தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போகுமென்று, வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோனாலும் ஜெயில். வேலிக்கால் நடக் குழி தோண்டிய முருகையாவின் கடப்பாரையில் ஒரு மண்பானை தட்டுப்பட்டது. உள்ளே கருகிய சோறு, கட்டி கட்டியாக.

கேட்டில் காவலிருந்த போலீஸ்காரர் நல்லசாமி எட்டிப் பார்த்தார்.

“காட்டுக்காரனுக்குச் சோறு பொதைக்கிறியா? நாடு கடத்தி இந்தியாவுக்குக் கப்பலேத்திடுவாங்கடா ஒன்ன!”

முருகையாவோ தோட்டத்திலேயே பிறந்தவர், அவர் கண்ட பெரிய தண்ணீர் சிலாங்கூர் ஆறுதான். கப்பலேறினால் எந்த ஊரில் இறங்குவது?

நல்லவேளை, பழம்பானை ஆராயும் வெள்ளைக்காரர் ஒருவர் தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவில் தங்கியிருந்தார். அவர் சொன்னதைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சிவானந்தம் தமிழில் சொன்னார்.

“உசுரோட இருந்தது எதுவும் செத்த பெறகு, உள்ள இருக்கற ஒண்ணு கொஞ்சங்கொஞ்சமா கொறையுமாம். கருகுன அரிசியும் அப்படித்தான். மிச்சம் எவ்வளவுன்னு சீமையில மிஷின் வச்சுப் பாத்து வயச சொல்லிருவாங்க. பழசுன்னு வந்தா நீ தப்பிச்ச லா. காலைல கரிய எடுத்துக்குவாரு.”

அதுவரை முருகையாவும் பானையும் காவல் கொட்டகையில்.

விடிந்ததும் வெள்ளைக்காரர் வந்து பானையைக் கவிழ்த்தார். ஒரு பருக்கை இல்லை! அந்நேரம் தோளில் துண்டோடு குழாயடியிலிருந்து நல்லசாமி வந்தார். வாயோரம் கறுப்பு. பல்லோ, கோல சிலாங்கூர் கலங்கரை விளக்கு!

“என்ன பாக்கறீங்க? அடுப்புக்கரி தீந்து போச்சு. பானையில இருந்த கரியில உப்பு சேத்து அரைச்சேன். கொட்டகைல காவலிருந்த எல்லாருமே தேச்சாங்களே!”

வெள்ளைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். சாட்சியைப் போலீசே பல் விளக்கித் துப்பிவிட்டால் வழக்கு ஏது? முருகையாவை விட்டுவிட்டார்கள்.

பிறகொரு நாள் மீரா முகைதீன் தேத்தண்ணிக் கடையில், முருகையாவும் நல்லசாமியும் கேட்டிருக்க, இந்தக் கதையை இங்கேதான் நிறுத்தினேன். நல்லசாமி விடவில்லை.

“தேச்சவன் சொல்றேன், அது அப்ப ஒரு வாரத்துச் சோறுதான். முருகையா பொண்டாட்டி வேலம்மா பொங்குனது. வேற யாருக்கு அப்படிக் கருகும்?”

முருகையாவுக்கு மறுபடி கப்பல் தெரிந்தது. துள்ளி எழுந்தார்.

“யோவ்! அவ பொங்குனா அதவிடக் கருகும்யா! அது ஆயிரம் வருசத்துச் சோறேதான்!”

வாசலில் சீனி வாங்க நின்ற வேலம்மா மெல்லத் திரும்பினாள்.

“என்னா சொன்னீங்க?”

மீரா முகைதீன் கிளாசுகளை அவசரமாக உள்ளே அள்ளினார்.