புளிச்சோறு மூன்று நாள் தாங்கும்

எண்பதுகளின் நடுவில் மதுரைக் கல்லூரி ஒன்றில் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். கல்லூரிக்கு அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. டிவியோடு இணைத்து, கேசட்டில் நிரலைப் பதிந்துவைக்கும் சின்னப் பெட்டி. விடுமுறை நாட்களில் அதை வீட்டுக்கு எடுத்துப்போக எனக்கு அனுமதி இருந்தது. பாடத்துக்கென்று வாங்கிப்போய் விளையாட்டு எழுதினேன். ஒரு குழு நாகமலைக்கு அடியில் உள்ள பாதாளத்தில் இறங்கி, பூதங்களோடு சண்டையிட்டு, புதையலோடு மேலே வர வேண்டும்.

வரைபடம் போட்டவர் எங்கள் இயற்பியல் ஆய்வக உதவியாளர். செல்லூரில் தறிக்காரக் குடும்பம். சேலைக் கரைக்கு டிசைன் போடும் கட்டத்தாளிலேயே பாதாளத்தையும் வரைந்து எடுத்துவருவார். கல்லூரிக்குள் நான் அவருக்கு 'சார்'. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் 'அண்ணே'.

இரண்டு வாள்வீரர், ஒரு வில்லாளி, ஒரு மந்திரவாதி, பூட்டு உடைக்க ஒரு திருடன் என்று நான் குழுவை முடித்திருந்தேன்.

"அஞ்சு பேரும் மலைக்குள்ள போறாக, சரி. சோத்துக்கு?" என்றார்.

"விளையாட்டுல எதுக்குப்பா சோறு?"

"அழகர்கோயிலுக்குப் போறதுன்னாலே கட்டுச்சோறு கட்டாமப் போவோமா? ஒரு சமையக்காரரச் சேருங்கண்ணே. அவருக்குக் கத்தி வேணாம், கரண்டி போதும்."

சேர்த்தேன். விதிகளை அவரே சொன்னார். தயிர்ச்சோறு அன்று மாலைக்குள் ஊசிப்போகும். எலுமிச்சைச்சோறு மறுநாள் வரை. புளிச்சோறு மூன்று நாள் தாங்கும். நடக்க நடக்க எல்லோருக்கும் பலம் குறையும். சமையல்காரர் இலை போட்டால் திரும்பும். அந்த ஞாயிறுகளைப் போல் நான் நிறைவாக இருந்த நாட்கள் குறைவு.

கல்லூரிக் கண்காட்சியில் விளையாட்டைக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்கு இரண்டு நாள் முன்பு பெட்டியின் நினைவகத்தில் இடம் தீர்ந்துபோனது. மந்திரவாதியின் நெருப்பை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. சமையல்காரரை எடுத்துவிட்டேன். உதவியாளரிடம் சொல்லவில்லை.

சோறு போடும் வரிகளை எல்லாம் அழித்தவன், பலத்தைக் குறைக்கும் வரியை மறந்துவிட்டேன். கண்காட்சியில் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பூதத்தைக்கூடச் சந்திக்காமல் ஐந்து பேரும் நடைபாதையில் பசியால் விழுந்து செத்தார்கள். கூட்டம் சிரித்தது. முதல்வர் என்னவென்று கேட்டார்.

"பாதையை அளவுக்கு மீறி நீளமாப் போட்டுட்டார் சார்" என்று உதவியாளரைக் காட்டினேன்.

"சேலைக்குப் பூப்போடுற ஆளைக் கூப்பிட்டுப் பாதாளம் கட்டச் சொன்னா இப்படித்தான்" என்றார் முதல்வர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுத உட்கார்ந்ததே அந்தச் சிரிப்புக்காகத்தான்.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் உதவியாளர் கேட்டார்: "சமையக்காரரத் தூக்கிட்டீங்களா சார்?"

"இடம் பத்தல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு நானே செல்லூருக்குப் போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவே கட்டத்தாளில் ஒரு பூவின் கால்பாகத்தை மட்டும் வரைந்துகொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

"முழுப் பூவும் நாங்க வரைய மாட்டோம்" என்றார். "காவாசி போட்டு, மத்ததைத் திருப்பித் திருப்பி வச்சுக்குவோம். பாதாளத்தையும் அப்படித் திருப்புனா எம்புட்டு இடம் மிஞ்சும்?"

மனக்கணக்குப் போட்டேன். சமையல்காரருக்கு மட்டுமல்ல, அவர் பாத்திரங்களுக்கும் சேர்த்து இடம் இருந்தது.

"அப்ப மொதல்ல அந்த ஆளை உள்ள விடுங்கண்ணே" என்றார்.

விட்டேன். விளையாட்டை எழுதி முடித்தேன், பல ஆண்டுகள் நாங்கள் இருவரே ஆடினோம். ஆனால் முதல்வரிடம் போய், தவறு என்னுடையது என்று நான் சொல்லவேயில்லை. வகுப்புக்குப் போகும்போதெல்லாம் அவர் அறையைத் தாண்டித்தான் போனேன். அவர் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டேன், அப்போதும் சொல்லவில்லை. ஆய்வக உதவியாளரைப் பார்க்கும்போதெல்லாம் "என்ன, பாதை நீளமா?" என்று கேலி செய்வது அவருக்குக் கடைசிவரை வழக்கமாக இருந்தது. இவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாதாளத்தின் மூன்றாம் தளம் வரை போயிருப்போம். புளிச்சோறு தீரும் நிலையில் இருக்கும். எனக்கு இன்னும் ஓர் அறையைத் திறந்து பார்க்க ஆசையாக இருக்கும்.

"வேணாம்ணே, திரும்பிருவோம்" என்பார். திரும்பிவிடுவேன்.