மூலையில் இருந்த எண்

மலர்விழிக்கு என்ன வேலை என்று கேட்டால், கிளியனூரில் அவள் அப்பா விருத்தாசலம், "கம்ப்யூட்டர்ல போர்டு எழுதுது" என்பார். அது பாதிதான் சரி. திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடையின் மாடியில் இருக்கும் விளம்பர நிறுவனத்தில், எந்த வேலை யாரிடம் நிற்கிறது, எப்போது முடியும் என்று பார்த்துக்கொள்பவள் அவள். வாடிக்கையாளரைப் பிடித்து வருபவர் முதலாளி ஜெகதீசன். வரைபவன் ரஞ்சித். இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு "அது எங்க, இது என்னாச்சு" என்று நாள் முழுக்கக் கேட்பவள் மலர்விழி. சென்னையில் மூன்று வருடம் முகம் தெரியாதவர்களிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுப் பழகியது இங்கே கைகொடுத்தது.

அவள் வந்த பிறகுதான் சுவரில் வெள்ளைப் பலகை வந்தது. வேலைக்கு ஒரு சீட்டு. வரைகிறோம், அனுப்பியாயிற்று, சரி சொல்லியாயிற்று, அச்சுக்குப் போயிற்று என்று நான்கு கட்டங்களை அது தாண்ட வேண்டும். எத்தனையாவது மாதிரி என்று ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் பொடி எழுத்தில் எண் போட வேண்டும் என்பதும் அவள் போட்ட சட்டம்தான். ஜெகதீசனுக்கு அது பிடித்துப் போனது.

"விழுப்புரத்துல இன்னொரு ஆபீஸ் போடறேன் மலரு. காணை எண்ணெய் வேலைய நீயே தனியா முடிச்சுக் காட்டு. அங்க நீதான்" என்று சொல்லியிருந்தார்.

காணையில் தாண்டவராயன் தன் நிலத்து மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, செக்கில் ஆட்டி எண்ணெய் விற்பவர். அதைப் பாட்டிலில் அடைத்துக் கடைகளுக்குப் போட வேண்டும் என்பது மகன் குமரேசனின் ஆசை. பாட்டிலில் ஒட்டும் லேபிளுக்கு ஏழு மாதிரிகள் ஆயின. ஏழாவது பச்சை. அதற்குக் குமரேசன் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கிவிட்டான். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குள் அது சிவகாசி அச்சகத்துக்குப் போக வேண்டும். தவறினால் பொங்கல் கழிந்துதான் அச்சு.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தாண்டவராயன் போன் செய்தார்.

"ஏம்மா, லேபிளு ஷோக்கா கீது. ஊட்டுல பூசையில வெச்சு மஞ்சள் தடவியாச்சு. இனிமே ஒரு புள்ளி மாத்தக் கூடாது, சொல்லிட்டேன்."

"எந்த லேபிளுங்கய்யா?"

"நீ அனுப்பினதுதாம்மா. செவப்பு."

மலர்விழி பலகையைப் பார்த்தாள். பச்சைக்குத்தானே சரி சொன்னார்கள்? அப்புறம்தான் நினைவு வந்தது. நிறம் தாளில் எப்படி விழுகிறது என்று காட்ட, இரண்டு வாரம் முன்பு ஒரே ஒரு தாள் கூரியரில் போனது. அதில் உணவு உரிம எண் வர வேண்டிய இடத்தில், எண் அப்போது கையில் வராததால், ரஞ்சித் சும்மா பதினான்கு ஒன்றுகளைப் போட்டு வைத்திருந்தான். அதை அப்படியே அச்சடித்தால் எந்தக் கடையும் வாங்காது.

"ரஞ்சித்து, அன்னைக்குப் போனது எத்தனாவது?"

"ரெண்டுன்னு நெனைக்கிறேன்க்கா. இல்ல, நாலு. ரெண்டுமே செவப்புதான்."

"ஃபைல் பேரு?"

"ஒண்ணு ஃபைனலு. இன்னொண்ணு ஒரிஜினல் ஃபைனலு."

குமரேசனைப் போனில் கூப்பிட்டாள். "மேடம், மஞ்சள் வெச்சது அம்மா. அவங்ககிட்ட நீங்களே பேசிடுங்களேன். நான் பேசினா பேஜாராயிடும்" என்றான். சரி சொல்ல வேண்டியவர் குமரேசன் என்று அவள் கையாலேயே சீட்டில் எழுதியிருந்தாள். சீட்டு எழுதும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது.

பேருந்து ஏறி விழுப்புரம், அங்கிருந்து இன்னொரு பேருந்தில் காணை. போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை.

தாண்டவராயன் மனைவி பாஞ்சாலி வாசலுக்கே வந்தாள். "வாம்மா. எந்த ஊரு நீ?"

"கிளியனூருங்க."

"கிளியனூருல எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி எதை அளக்கிறது என்று மலர்விழிக்குத் தெரியும். "பள்ளிக்கூடத்துக்கு அந்தாண்ட" என்றாள். அந்தாண்ட எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை. பாஞ்சாலி முந்தானையை இடுப்பில் சொருகினாள். பிறகு, "கூடத்துல உக்காரு, எடுத்தாறேன்" என்று உள்ளே போனாள். தன்னைப் பூசை அறைக்குள் கூப்பிடாதது அங்கே வெளிச்சம் போதாது என்பதாலா, வேறெதற்கா? கேட்கவும் முடியாது, கேட்காமல் விடவும் முடியாது. மலர்விழி உட்கார்ந்தாள். தூணோரம் குமரேசன் போனிலிருந்து தலை நிமிரவில்லை.

பித்தளைத் தட்டில் லேபிள் வந்தது. நாலு மூலையிலும் திட்டுத் திட்டாக மஞ்சள். கீழ் மூலையில் இருந்திருக்க வேண்டிய எண் அதற்கடியில் போய்விட்டது.

"இந்த மூலையில ஒரு நம்பரு இருந்துச்சே, பாத்தீங்களாம்மா?"

"மூலைன்னா மஞ்சள் வெக்கத்தான். நம்பர யாரு பாத்தா?"

"தம்பி பச்சைக்கு சரி சொல்லிட்டாருங்களே."

"ஏழு அனுப்பினியாமே? அதெல்லாம் அவன் போனுக்குள்ளயே பூடுச்சி. எங் கைக்கு வந்தது இது ஒண்ணுதான்." பாஞ்சாலி மகன் பக்கம் திரும்பினாள். "என்னடா, வாயில கொழுக்கட்டையா?"

"இதுவே இருக்கட்டும்மா" என்றான் குமரேசன், போனைப் பார்த்தபடியே.

அவ்வளவுதானா? ஏழு மாதிரி, நாற்பது செய்தி, ஒரு கட்டைவிரல், எல்லாம் இந்த ஒரு வார்த்தையில் போயிற்றா? ஆனாலும் அந்தப் பதினான்கு ஒன்றுகள் இருந்தன. மலர்விழி அவற்றைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள்.

"மஞ்சள் வெச்சதுல கை வெக்கறதா? ஆவாது" என்றாள் பாஞ்சாலி. திண்ணையிலிருந்து தாண்டவராயனும் ஆமாம் போட்டார். மணி பன்னிரண்டேகால்.

என்ன சொல்வது என்று புரியாமல் சுவரைப் பார்த்தவள் கண்ணில், ஆணியில் சொருகிய ஒரு கல்யாணப் பத்திரிகை பட்டது. அதிலும் மூலைக்கு மூலை மஞ்சள். மேலே பேனாவில் தாண்டவராயன் பெயர்.

"ஏம்மா, பத்திரிகையில மஞ்சள் தடவின பொறவுதானே பேரு எழுதறோம்?"

"ஆமா."

"அது மாத்தறதுங்களா?"

பாஞ்சாலி யோசித்தாள். "அதெப்புடி? பேரு எழுதறது மாத்தறது இல்ல. எழுதினாத்தான அது ஒருத்தருக்குப் போவும்."

"அப்போ இதுலயும் உங்க கையால நம்பர எழுதிடுங்க. நான் சொல்றேன்."

பாஞ்சாலி தட்டோடு மலர்விழி பக்கத்தில் வந்து, தோள் இடிக்க உட்கார்ந்தாள். "பேனா குடுடா" என்று மகனை அதட்டினாள். மலர்விழி ஒவ்வொன்றாகச் சொல்ல, ஒன்றுகளை அடிக்காமல் அவற்றின் தலைக்கு மேலேயே பதினான்கு எண்களையும் எழுதினாள். எட்டைக் கீழிருந்து மேலாகப் போட்டாள். முடித்ததும் காபி வந்தது. பூசை அறைக்குள் கூப்பிடாததையும் கூடத்துக் காபியையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று மலர்விழிக்கு விளங்கவில்லை. குடித்தாள்.

படம் எடுத்து ரஞ்சித்துக்கு அனுப்பினாள். பேருந்தில் ஏறியதும் அவன் கூப்பிட்டான்.

"அக்கா, படத்தப் பாத்தேன். இது ரெண்டும் இல்ல, நாலும் இல்ல. மூணு."

"மூணுதான் வேணாம்னு நானே ஒதுக்கிட்டேனே!"

"நீங்கதான் கவர்ல போட்டு ஒட்டினீங்க. அட்ரஸு உங்க கையெழுத்து."

அன்று மேசையில் கிடந்த மூன்று சிவப்புத் தாள்களில் எதை எடுத்தாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. "மூணையே அனுப்பு. நம்பர மட்டும் படத்தப் பாத்து போடு" என்றாள். இரண்டே முக்காலுக்கு அது சிவகாசிக்குப் போனது.

திண்டிவனம் திரும்பியதும் நடந்த எல்லாவற்றையும் சீட்டில் எழுதினாள். சரி சொன்னவர் என்ற இடத்தில் குமரேசனை அடித்துவிட்டுப் பாஞ்சாலி. தவறான மாதிரியை அனுப்பியவர் என்று ஒரு புது வரி போட்டு, மலர்விழி. விழுப்புரம் வேலை கைநழுவிப் போயிற்று என்று நினைத்துக்கொண்டே பலகையில் ஒட்டினாள்.

ஜெகதீசன் நின்று படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"விழுப்புரத்துல இனிமே மூலையில நம்பர் போடாத மலரு" என்றார். "நடுவுல போடு."

அது திட்டா, விழுப்புரத்து வேலையா? அவர் அதற்குள் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். கூப்பிட்டுக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் நின்றவள், கணினி முன் உட்கார்ந்து, கீழ் மூலையில் இருந்த எண்ணை இழுத்துத் தாளின் நடுவில் வைத்துப் பார்த்தாள். அசிங்கமாகத்தான் இருந்தது. அப்படியே சேமித்தாள்.