ஒன்பதாவது பனையும் மூன்றாவது வூஃபரும்

ஸ்பீக்கர் பெட்டிக்குள் மாட்டிய புது வூஃபரை மூன்று முறை பேசவிட்டுக் கேட்காமல் இதுவரை நான் ஒரு பெட்டியையும் மூடியதில்லை. போன வாரம் திருவேங்கடத்திலிருந்து ஒருவர் தன் அப்பா காலத்து ஹாரன் பெட்டி இரண்டைக் கொண்டுவந்தபோதும் அப்படித்தான். மூன்று முறை கேட்டு, மூடியைத் திருகி, வீட்டுக்குப் போன பிறகும் சரியாகத்தான் போட்டோமா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். இந்த மூன்று முறைக் கணக்கு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அவர் கேட்டார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளிடம் கேட்கிற கேள்வியா அது? புத்தகம் இல்லை, என் அம்மாவின் துண்டு என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அப்பா சங்கரன்கோவிலில் மைக் செட் வைத்திருந்தார். ஆள் உயர ஹாரன் பெட்டி ஒரு ஜோடி அவருக்கு உயிர். மற்றப் பெட்டிகளில் வூஃபர் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இதில் உள்ளே ஒளிந்துகொண்டு ஊதும். சத்தம் ஒரு குறுகலான மரச்சந்துக்குள் நுழைந்து, போகப்போக அகன்று, பெரிய வாய் வழியாக வெளியே வரும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தலையை விட்டுப் பார்த்து நான் பலமுறை அடி வாங்கியிருக்கிறேன்.

வாசுதேவநல்லூரில் என் மாமாவின், அதாவது அம்மாவுடைய தம்பியின், கல்யாணம். அப்பாவின் செட்தான். பாட்டு நடுவில் அந்த ஜோடியில் ஒன்றின் வூஃபர் கருகி நாற்றம் அடித்தது. மாமாதான் சத்தத்தைக் கூட்டியவர். "உங்க வீட்டு ஆளுக கை பட்டா எதுதான் உருப்படும்?" என்று அப்பா பந்தியில் வைத்தே கேட்டுவிட்டார். அன்றிலிருந்து எட்டு நாள் அம்மா அவரோடு பேசவில்லை. "ஏட்டி, குழம்பு ஆறுதுன்னு சொல்லு" என்பாள். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் நான் போய்ச் சொல்வேன்.

ஆறாம் நாள் அம்மா பரணிலிருந்து தன் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோகும் பையை இறக்கித் துடைத்து வைத்தாள். செவ்வாய்க்கிழமை கரிவலம்வந்தநல்லூரில் கோவில் கொடைத் திருவிழா, அங்கேயும் அப்பா செட்தான். அதற்குள் சரியான வூஃபர் கிடைக்காவிட்டால் அப்பா இன்னும் ஏதாவது சொல்வார், அம்மா பையைத் தூக்கிவிடுவாள். எல்லாம் அந்த வூஃபரில்தான் இருக்கிறது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

பழைய வூஃபரைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. மாமா மதுரைக்குப் போய், பிடிக்காததைத் திருப்பித் தரலாம் என்ற பேச்சில், மூன்று வூஃபர்களைச் சுமந்துகொண்டு வந்தார். கரிவலம் ரோட்டில் ஒரு குளத்தங்கரையில் வேனை நிறுத்திப் பெட்டியை இறக்கினோம். அப்பா கருகியதைக் கழற்றிக் கிழித்துப் பார்த்தார். உள்ளே காயில் கம்பிச்சுருளைப் பிடித்திருந்த பசை எப்போதோ பொடியாகி உதிர்ந்திருந்தது. மாமாவை ஒருமுறை பார்த்துவிட்டு அதைச் சாக்கில் போட்டார்.

சோதனைக்கு எங்கள் மீட்டர் அம்மாவின் காதுதான். கரையில் வரிசையாகப் பனை. நல்ல பெட்டியின் பேச்சு ஒன்பதாவது பனை வரை எழுத்து எழுத்தாக விழும். அங்கே நின்று, வார்த்தை தெளிவாக இருந்தால் அம்மா சிவப்புத் துண்டைத் தூக்க வேண்டும். "கொடைக்காக வாரேன், வேற யாருக்காகவும் இல்லன்னு சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

முதல் வூஃபர் அம்மிக்கல் கனம். முன்னால் குவிந்திருக்கும் பேப்பரே அட்டை மாதிரித் தடிமன். "வெயிட்டப் பாருங்க அத்தான், இதுக்கு வாட்ஸ் கூட" என்றார் மாமா. அப்பா மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னார். மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி இருந்தது. துண்டு எழவில்லை.

"காத்து எதுத்து அடிக்கி அத்தான்."

"காத்து இல்ல மாப்ள. இது ஊதுற பெட்டி, இடிக்கிற பெட்டி இல்ல. கனத்த பேப்பரால இந்தச் சந்துக்குள்ள ஊத முடியாது."

இரண்டாவதின் விளிம்பில் மெத்து மெத்தென்று ரப்பர். அதற்கும் துண்டு எழவில்லை. மூன்றாவது பார்க்க ஏழை. மெல்லிய, விறைப்பான பேப்பர். விளிம்பு மடித்த துணி. பின்னால் மட்டும் பெரிய காந்தம். "கூட ஒண்ணு கிடக்கட்டும்னு எடுத்தேன்" என்றார் மாமா. அப்பா நான்கு விரலால் அமுக்கினார். அது உடனே திருப்பித் தள்ளியது. அவர் முகம் மாறியது.

மாட்டி முடித்து மைக்கை எடுத்தவர் எண்ணவில்லை. தொண்டையைச் செருமினார்.

"ஏளா... உன் தம்பி மேல தப்பில்ல. பந்தில வச்சு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

துண்டு எழவில்லை. இதுவும் போயிற்றா? அப்பா மாமாவைப் பார்க்காமல் மைக்கை இன்னும் வாய்க்குக் கிட்டே வைத்து மறுபடி சொன்னார். அம்மா அசையவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். மெதுவாகச் சிவப்புத் துண்டு மேலே போனது.

அம்மா திரும்பி வந்து நேராக அப்பாவிடமே சொன்னாள்: "மூணாந்தடவதான் வார்த்த தெளிவா விழுந்திச்சு."

"பாத்தியா மாப்ள, புதுப் பேப்பர். இளகணும்லா!" என்றார் அப்பா. மாமா பெட்டியின் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

கொடை நன்றாக நடந்தது. பை பரணுக்குப் போனது. புது வூஃபர் மூன்று தடவைக்குப் பிறகுதான் வாய் திறக்கும் என்று அப்பா கடைசிவரை எல்லோருக்கும் சொன்னார். நானும் நம்பினேன்.

அன்று அம்மாவுக்கும் அப்பால், பத்தாவது பனைக்குக் கீழே ஒருவர் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அப்பா முதல் முறை சொன்னபோதே அவர் கையை நிறுத்தி, நிமிர்ந்து, அம்மாவைப் பார்த்துச் சிரித்ததை நான் பார்த்தேன். பாவம் அம்மா, அவரைவிடக் காது கொஞ்சம் மந்தம்போல என்று கவலைப்பட்டுக்கொண்டேன்.