இல்லை என்று சொன்ன டேபிள்

ரத்த வங்கியிலிருந்து போன் வந்தபோது பஸ் ஸ்டாண்டை ஒட்டிய எங்கள் தம்பானூர் ஆபீஸில் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தேன். அவர்களுடைய டேட்டாபேஸைப் பராமரிப்பது என் வேலை. முந்தைய நாள் இடிமழையில் கரண்ட் போய், சர்வர் பட்டென்று நின்றிருந்தது. மறுபடி போட்டதும் எல்லாம் ஓடியது. ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் மட்டும் திறக்கவில்லை.

"சேச்சி, பிரசவ கேஸ். பாம்பே குரூப் ஒராள் உடனே வேணும். லிஸ்ட் எப்போ கிட்டும்?" என்றார் லேப் டெக்னீஷியன். பாம்பே குரூப் மிகச் சிலருக்கே உள்ள ரத்த வகை; அவர்களுக்கு வேறு ரத்தம் ஏற்ற முடியாது.

அந்தப் பட்டியல் உள்ள டேபிளே இல்லை என்றது டேட்டாபேஸ். டிஸ்கில் பார்த்தால் அதன் ஃபைல் முழு அளவில் கிடந்தது. பேக்கப்பைத் திரும்ப ஏற்ற மதியம் தாண்டிவிடும். அதே பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கிப் பார்க்கலாமா என்று கை பரபரத்தது. அதற்குமுன் என் தோழியைக் கூப்பிட்டேன். பக்கத்து நாற்காலியில் என்னோடு வேலை பார்த்துவிட்டு, அண்மையில்தான் ராஜினாமா செய்திருந்தாள்.

"எதையும் தொடாத! சர்வர நிறுத்தி முழுசா காப்பி எடு. நான் இங்க பஸ் ஸ்டாண்டுலதான் இருக்கேன், வாறேன்."

கிளம்பவிருந்த நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து இறங்கி, பட்டுப்புடவையும் பையுமாக வந்தாள். அன்று அவள் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

"டேட்டாவுக்கு ஒண்ணும் ஆவல," என்றாள் திரையைப் பார்த்துவிட்டு. "எந்த டேபிள் எங்க இருக்குன்னு இது தனக்குன்னு ஒரு கேட்டலாக் வச்சிருக்குல்லா, அதுல சட்டுன்னு தேடுகதுக்கு உள்ள இண்டெக்ஸ்தான் கெட்டுப்போச்சு. இண்டெக்ஸ நம்பாம வரிவரியா தேடச் சொல்லுவோம்."

நான் தட்டச்சு செய்ய, அவள் ஒவ்வொரு கட்டளையையும் வாசித்துத் தலையசைத்தாள். தொலைந்த டேபிளின் வரி கேட்டலாக்கில் பத்திரமாக இருந்தது. இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டினோம். பட்டியல் திறந்தது. சாலை பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவரின் எண் கிடைத்தது. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு உடனே ஆட்டோ பிடித்தாராம்.

ஸ்டாண்டுவரை அவளோடு போனேன். சூடான ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் ஒரு பொட்டலம் வாங்கி ஜன்னல் வழியே நீட்டினேன்.

"நிச்சயதார்த்தம் முடிஞ்சிருக்குமே," என்றேன்.

"சாப்பாடு இருக்கும். நீ போய் பேக்கப் எடு."

அம்மாவும் குழந்தையும் நலம் என்ற செய்தி சாயங்காலம் வந்தது. உடனே அவளுக்குப் போன் செய்தேன். விசேஷ வீட்டு இரைச்சலுக்கு நடுவே செய்தியைச் சொன்னேன்.

"ஆணா பொண்ணா?" என்றாள்.

அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.