பிடிமண் கொடுக்கப் பயந்த எங்கள் அப்பா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கு அப்பாவைத் தக்காளி வியாபாரத்தில் ஒரு சொல் பிசகாத மனிதராகத் தெரியும். அவருக்குள் இருந்த பயம் வீட்டிலிருந்த எங்களுக்கு மட்டுமே தெரியும்.

அப்பா பிறந்தது அரூர்ப் பக்கம். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது தாத்தா பஞ்சம் பிழைக்கக் குடும்பத்தோடு மாரண்டஹள்ளிக்கு வந்தார். வரும்போது குலதெய்வக் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துவந்து, அதை வைத்துத்தான் இங்கே நம் கோயிலைக் கட்டினார்கள். அந்தப் பிடிமண் வந்தபின் பழைய கோயிலுக்கு யாரும் திரும்பிப் போகவில்லை. அது அப்பாவை ஆயுள் முழுக்க உறுத்தியது.

கிணறு வற்றிய வருடங்களில் கூலிக்குப் போய் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். தம்பி கனடாவுக்கு வேலைக்குப் போனான். "பொழைக்கத்தான் போறான், வந்துருவான்" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார். அங்கே வீடு வாங்கியதும், நம் சாமியை அங்கே வைத்துக் கும்பிடத் தம்பி போனில் பிடிமண் கேட்டான். அப்பா முடியாது என்று சொல்லிவிட்டார்.

"குடிபெயர்றதுன்னா என்னன்னு தெரியுமா கண்ணு? குடின்னா வம்சம். பெயர்றதுன்னா, செடியப் பேத்தெடுக்கற மாதிரி வேரோட போயிர்றது. ஆளு போனா திரும்பி வரலாம். மண்ணும் போயிருச்சுன்னா அப்புறம் எதுக்கு வருவே?"

தம்பி மறுபடி கேட்கவில்லை. அப்பாவின் பயம் தீரவும் இல்லை. தர்மபுரியில் மருத்துவமனைக் கட்டிலில் மூச்சுத் திணறிக் கிடந்தபோதும், "அவன் வந்தா கேப்பான். குடுத்துராதம்மா" என்று என் கையை இறுகப் பிடித்தார்.

தம்பி வந்து கொள்ளி வைத்தான். காரியம் முடியும்வரை எப்போது கேட்பானோ என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி கட்டி முடித்தும் அவன் கேட்கவில்லை. தாங்க மாட்டாமல் நானே, "பிடிமண்ணு வேணுமாடா?" என்றேன்.

"எதுக்குக்கா? பையன் அங்கயே பொறந்தவன். அவனுக்கு நம்ம சாமி பேருகூடத் தெரியாது."

மண் போய்விடுமே என்றுதான் அப்பா பயந்தார். அது இங்கேயேதான் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பயமாக இருக்கிறது.

மருத்துவமனைக்கு மாறி மாறிச் சோறு கொண்டுவந்த சின்னம்மா வீட்டாருக்கும், தம்பி வரும்வரை ஐஸ் பெட்டியை விட்டு நகராத பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். வரும் கோயில் பண்டிகையில் எங்கள் வீட்டுத் தேங்காயை உடைக்கும்போது தம்பி மகன் பெயரையும் சொல்லி உடையுங்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.