நூல் பல்

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் ஒரு மனிதரைக் கொலைகாரர் ஆக்கினேன். அதே மூச்சில் ஒரு பெண்ணை விதவையாகவும் ஆக்கினேன். இரண்டு வேலைக்கும் சேர்த்து எனக்குத் தேவைப்பட்டது மூன்றே வார்த்தைகள்.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் என்னைச் சகித்துக்கொள்பவர்களுக்கு என் வாயைப் பற்றித் தெரியும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அப்பாவைத் தாத்தா என்று கூப்பிட்ட கதையெல்லாம் எழுதி, உங்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். இந்த முறை சிரிக்க முடியவில்லை. 

எங்கள் தெருவில் ஏகாம்பரம் என்று ஒரு நண்பர். வீட்டிலேயே நாலு பவர்லூம் ஓட்டுகிறார். சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தில் தினம் ஒரு பஞ்சாயத்து. சரி, ஊருக்கு வெளியே ஆற்றுப் பக்கம் இருக்கிற தன் மேட்டு நிலத்தில் ஷெட் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, அஸ்திவாரம் தோண்ட ஜேசிபி பேசியிருந்தார்.

"நீ வந்து நில்லுபா. எழுதற ஆளு நின்னா நல்லா வரும்" என்று என்னைக் கூப்பிட்டார். என்னை நம்பி ஒருவர் நல்ல காரியம் தொடங்குகிறார் என்றால், போகாமல் இருக்க முடியுமா?

ஜேசிபி மூன்றாவது முறை மண்ணை வாரியதுமே ஏதோ உடைகிற சத்தம். ஜேசிபி டிரைவர் எட்டிப் பார்த்து, "சார், பானை ஓடா வருது" என்றார்.

"எந்த மண்ணுலபா ஓடு இல்ல? நீ ஜல்தியா தோண்டு" என்றார் ஏகாம்பரம்.

அடுத்த முறை வாரியபோது மண்ணோடு ஒன்று உருண்டு வந்து என் செருப்பருகே நின்றது. காய்ந்த மரவேர் என்று நினைத்துக் குனிந்தேன். வேருக்குப் பல் இருக்குமா?

மனிதத் தாடை! கீழ்த் தாடை. மண் நிறத்தில், பற்களோடு.

நான் அலறினேன். கையிலிருந்த டீ கிளாஸ் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. ஓடியிருக்க வேண்டியவன்தான்... ஆனால் பாழாய்ப்போன கண் அதற்குள் ஒன்றைப் பார்த்துவிட்டது. முன்பல்லின் நுனியில் ஒரு சின்ன வெட்டு. அரம் வைத்து ராவியது போல் வழுவழுப்பாக.

அந்த வெட்டு எனக்குத் தெரியும். என் பல்லிலேயே இருக்கிறது. தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பல்லில் வைத்து வெடுக்கென்று கடிப்போம். கத்தரிக்கோல் பக்கத்திலேயேதான் கிடக்கும். யார் எடுப்பது? வருடக்கணக்கில் பட்டு இழை ஒரே இடத்தில் ஓடினால் பல்லில் தடம் விழுந்துவிடும். எங்கள் தெருவில் அதற்கு 'நூல் பல்' என்று பெயர். நான் தறியை விட்டு எழுத வந்து இருபது வருடமாகிறது. தடம் மட்டும் போகவில்லை.

அதனால்தான் கத்தினேன். "இது நூல் பல்லு!"

எங்கள் ஊர் ஆரணியில் இந்த மூன்று வார்த்தைக்கு என்ன அர்த்தம்? செத்தவர் நெசவுக்காரர், நம்மவர். அப்படியானால் நம்மவர்களில் காணாமல் போனவர் யார்?

ஒருவர்தான். தாமோதரன். ஏகாம்பரத்தின் சொந்தத் தம்பி.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும், வீட்டின் நடுவே சுவர் எழுப்புவதா வேண்டாமா என்று தெருவே கேட்கும்படி சண்டை போட்டார்கள். மறுநாள் காலை தாமோதரன் ஒரு மஞ்சள் பையோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார். அவ்வளவுதான். அவர் பஸ் ஏறினாரா இல்லையா என்று அடித்துச் சொல்ல ஆளில்லை.

இப்போது அண்ணன் நிலத்தில், மண்ணுக்கு அடியில், ஒரு நூல் பல்.

வேலைக்கு வந்த இரண்டு பேரும், டிரைவரும் மெதுவாகத் திரும்பி ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனிதனே இல்லை.

"இன்னாயா... எல்லாரும் என்னியே பாத்துகினு கீறீங்க?" என்றார் ஏகாம்பரம். 

புதைத்தவரே காசு கொடுத்து ஜேசிபி வரவழைத்துத் தோண்டுவாரா? இந்தச் சின்னக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? மூன்று நாள் கழித்துத்தான் தோன்றியது!

யார் போன் செய்தார்களோ, அரை மணி நேரத்தில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார் தாமோதரனின் மனைவி சுலோச்சனா. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூலின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையை முறுக்கிப் பிணைக்கிற வேலை அவருக்கு. அதற்காகத் தொட்டுக்கொள்ளும் சாம்பல் விரல் நுனியில் அப்படியே இருந்தது. பாதியில் எழுந்து வந்திருக்கிறார்.

அவர் அழவில்லை. நேராக ஏகாம்பரத்திடம் போனார்.

"இன்னா மாமா பண்ணீங்க அவர?"

 ஏகாம்பரம் வெட்டிப் போட்ட மண்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.  என்ன செய்துவிட்டேன் நான்?

அப்புறம் போலீஸ் வந்தது. குழியைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மறுநாள் காலை விசாரணைக்குப் போன ஏகாம்பரம் மாலைதான் திரும்பினார். தெருவில் யாரும் அவரிடம் பேசவில்லை. நாலு தறியும் நின்றுவிட்டன. சத்தம் சத்தம் என்று சண்டைக்கு நின்ற தெரு அன்றைக்கு அத்தனை அமைதி. சகிக்கவில்லை எனக்கு.

சுலோச்சனா வீட்டிலோ கூட்டம். உறவுக்காரப் பெண்கள் வந்து உட்கார்ந்துகொண்டு, காரியம் என்றைக்கு என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் பொட்டைப் பற்றியே கேட்டுவிட்டார். ஒன்பது வருடம் தினமும் வைத்த பொட்டு.

"பாத்து, அவருதான்னு தெரிஞ்சா நானே எடுக்கறேன். அதுவரிக்கும் யாரும் என் நெத்தி மேல கை வெக்காதீங்க" என்று சுலோச்சனா சொன்னதை நான் வாசலில் நின்று கேட்டேன்.  அவரே வெளியே வந்தார். நேருக்கு நேர் என்னைப் பார்த்தார்.

"அண்ணா, நீங்க நல்லா பாத்தீங்களா? அது நம்மாளு பல்லுதானா?"

"தெர்லம்மா..." என்றேன்.

"அன்னிக்கு தெரிஞ்சிதே?"

வாராவாரம் உங்களுக்கு ஆயிரம் யோசனை சொல்கிறவன் நான். தலையைக் குனிந்துகொண்டு நழுவிவிட்டேன், நம்புங்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு ஜீப் வந்தது. எலும்பைப் பார்த்த டாக்டருக்கு ஏதோ சந்தேகமாம். அவர் சொல்லி, வெளியூர்க் கல்லூரியில் தொல்லியல் சொல்லிக்கொடுக்கும் ஒரு மேடத்தைப் போலீஸ் வரவழைத்திருந்தது. தலையில் தொப்பி, கையில் பெயின்ட் பிரஷ். குழிக்குள் இறங்கி ஒரு மணி நேரம் மண்ணைத் தடவிக்கொண்டிருந்தார். குழியின் இந்தப் பக்கம் சுலோச்சனா. அந்தப் பக்கம் ஏகாம்பரம். நடுவில் குற்றவாளி நான்.

மேடம் மேலே வந்து கேட்ட முதல் கேள்வி... "இது நெசவு செய்றவர் பல்லுன்னு யார் சொன்னது?"

அத்தனை விரல்களும் என்னைக் காட்டின.

"வாயைத் திறங்க சார்."

திறந்தேன். இன்ஸ்பெக்டர், கான்ஸ்டபிள்கள், வேடிக்கை பார்க்க வந்த பாதி ஊர்... எல்லோர் முன்னாலும் என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். தாடையைப் பார்த்தார். மறுபடி என் வாயைப் பார்த்தார்.

"கண்ணு கூர்மைதான் சார் உங்களுக்கு. ரெண்டும் நூல் இழுத்த பல்லுதான். ஆனா வருஷக் கணக்குல கொஞ்சம் தப்பு. இவங்க செத்து ரெண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாது. கூடவும் இருக்கலாம். டெஸ்ட் வந்தாத்தான் சரியாச் சொல்வேன்."

ரெண்டாயிரம்! எனக்குக் காது அடைத்தது. ஒன்பது வருடத்தைத் தேடிப் போனவன் எங்கே வந்து விழுந்திருக்கிறேன் பாருங்கள்.

"இவங்கன்னா..." என்று இழுத்தேன்.

"பொம்பளையா இருக்கலாம். தாடை சின்னது. பானை ஓட்டைப் பாருங்க, உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அந்தக் காலத்துப் பானை. பானையோட வெச்சுப் புதைச்சிருக்காங்க."

அந்த ஓடுகளை முதலில் பார்த்தது ஜேசிபி டிரைவர். 'எந்த மண்ணில் ஓடு இல்லை' என்று நாங்கள்தான் தள்ளிவிட்டோம்.

ஏகாம்பரம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சுலோச்சனா அப்போதும் அழவில்லை. முந்தானையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். பொட்டில் படாமல்.

அதிர்ச்சி அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மேடம் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். பல்லில் நூல் இழுப்பது தறியைவிடப் பழைய பழக்கமாம். வேட்டையாடி, கிழங்கு தோண்டித் தின்று திரிந்தவர்களே நாரையும் தோல் வாரையும் பல்லில் வைத்துத்தான் இழுத்தார்களாம். அப்படியானால் எங்கள் தெருவின் முத்திரை என்று நான் பீற்றிக்கொண்டிருந்த நூல் பல்... காட்டுவாசிகளின் சொத்து!

"இந்தக் கடைவாய்ப் பல்லைப் பாருங்க, சொத்தை. இவங்க தானியம் விளைய வெச்சு, கல்லுல அரைச்சு, கூழ் குடிச்ச ஆளு. காட்டுல கிடைச்சதைத் தின்னவங்களுக்குப் பொதுவா சொத்தை கம்மி."

"விவசாயம் வந்தா நல்லாத்தானே மேடம் இருந்திருக்கணும்?" என்றேன். அரிசி மில்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன் வேறென்ன கேட்பேன்?

"ஆளுங்க பெருகினாங்க. ஆனா பல எடத்துல உடம்பு குட்டையாச்சு, நோய் கூடுச்சு, முதுகு ஒடிய வேலை. விதைச்சாச்சுன்னா விட்டுட்டுப் போக முடியாதே."

"அதுக்கு முன்னாடி?"

"நடந்துகிட்டே இருந்தாங்க. ஆப்பிரிக்காவுல புறப்பட்டு, தலைமுறை தலைமுறையா நடந்துதான் இந்தப் பக்கமெல்லாம் வந்தாங்க. சொந்த ஊருன்னு ஒண்ணைச் சொல்லிக்கிட்டதெல்லாம் ரொம்பப் பிற்பாடு."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பூர்வீகமே ஆரணிதான் என்று நெஞ்சு நிமிர்த்தும் வம்சம் எங்களுடையது.

அதுவரை வாயே திறக்காத சுலோச்சனா கேட்டார். "மேடம், அப்படி நடந்துகினு இருந்தவங்கள்ல ஒர்த்தர் காணாமப் போயிட்டா... தேடுவாங்களா?"

மேடம் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். "தேடியிருப்பாங்கம்மா. கண்டிப்பா. ஆனா ரொம்ப நாள் ஒரே எடத்துல காத்துகிட்டு இருக்க முடியாது. கூட்டம் நகர்ந்துரும். பின்னாலேயே போயாகணும்."

எனக்குச் சுருக்கென்றது. காத்திருப்பதற்குக்கூட ஓர் இடம் வேண்டுமோ? விதைத்தவன் முளைக்குக் காத்திருந்தான், கதிருக்குக் காத்திருந்தான். காத்திருக்கவே வீடு கட்டினான். வீடு என்று ஒன்று வந்ததும் நடுவில் சுவர் வந்தது, சுவருக்காகச் சண்டை வந்தது, ஒருவர் கோபித்துக்கொண்டு மஞ்சள் பையோடு நடந்தார். அவர் காலுக்கு இன்னும் பழைய ஞாபகம் இருக்கிறது. இங்கே ஒரு பெண் ஒன்பது வருடமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாம் விவசாயம் கற்றுக்கொண்டதில் சோறு கிடைத்தது, ஒப்புக்கொள்கிறேன். கூடவே இதுவும் கிடைத்திருக்கிறதே... யாராவது சொன்னார்களா நமக்கு?

சுலோச்சனா குழிக்குள் எட்டிப் பார்த்தார். "பானையெல்லாம் வெச்சி பொதைச்சிகீறாங்க. அப்போ இந்தம்மா காணாமப் போவல."

"இல்லம்மா. பக்கத்துல ஆளு இருந்திருக்காங்க."

"குடுத்து வெச்சவங்க" என்றார் சுலோச்சனா. அப்போதுதான் அழுதார். யாரும் தடுக்கவில்லை. ஏகாம்பரம் எழுந்து வந்து ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தார்.  இருவரும் ஒரே ஆட்டோவில் வீடு திரும்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரிடமும் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஏகாம்பரம் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார். "வாயா பேஜாரு! ஷெட்டும் போச்சி. இனிமே அந்தப் பள்ளத்துல தொல்லியல்காரங்கதான் தோண்டுவாங்களாம். காபி குடிக்கறியா?" அதற்கு மன்னிப்பு என்று அர்த்தம்.

அடுத்த வாசல் சுலோச்சனாவுடையது. பாவுக்கு முன்னால் உட்கார்ந்து, விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு இழை பிணைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பொட்டு. நான் வழியெல்லாம் பெரிய பெரிய வாக்கியங்களாகத் தயார் செய்து வைத்திருந்தேன். "தப்பு பண்ணிட்டேம்மா" என்று மட்டும் வந்தது.

அவர் கை நிற்கவில்லை. ஓர் இழையைப் பிணைத்து, மிச்ச நூலைப் பல்லில் வைத்து வெடுக்கென்று கடித்துத் துப்பினார்.

"இனிமே பல்ல பாத்து ஆளு யாருன்னு சொல்லாதீங்கண்ணா... ஆள பாத்தா சொல்லுங்க."