தீயணைப்பு வண்டிக்கு எந்த அட்ரஸ்?

எழுபதுகளில் ஷார்ஜாவில் ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆபீசில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. பெரிய படிப்பு கிடையாது. வருகிறவர்களின் வாயைக் கிளறித்தான் உலகம் தெரிந்துகொண்டேன். தீ இன்சூரன்ஸுக்கு வீட்டை மட்டும் பார்ப்பார்கள் என்றிருந்தேன். இல்லையாம். தீயணைப்பு நிலையத்தில் எத்தனை வண்டி, தண்ணீருக்கு என்ன வழி, கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வந்து சேரும், எல்லாவற்றுக்கும் மார்க் உண்டாம். மார்க் குறைந்தால் பிரீமியம் ஏறும்.

“அவங்க எழுதுற பரீட்சைக்கு நான் ஃபீஸ் கட்டணுமா தம்பி?” என்றார் ஜவுளிக்கடை பாய்.

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரர். கீழே கடை, மேல்மாடியில் ஊரிலிருந்து மனைவி, மக்களைக் கொண்டுவந்து வைக்க ஆசை. இன்சூரன்ஸ் பேப்பரைக் காட்டினால்தான் மாடிச் சாவி என்று கட்டிடக்கார அரபி சொல்லிவிட்டார். இடத்தைப் பார்த்து மார்க் போடும் எங்கள் சர்வேயரோ அந்தக் கட்டிடத்தை ஆகக் கடைசி வகுப்பில் போட்டிருந்தார். அந்தப் பிரீமியம் பாய்க்குக் கட்டுப்படியாகாது.

“ஸ்டேஷன் பக்கத்துலதான் சார்! அவங்க சோத்துத் தட்டு சத்தம்கூட எனக்குக் கேக்கும்!”

மெட்ராஸ்காரரான சர்வேயர் ஃபாரத்தைத் திருப்பிக் காட்டினார். வீட்டு விலாசம் என்ற இடத்தில் தபால் பெட்டி நம்பர். “தீப்பிடிச்சா வண்டி போஸ்ட் ஆபீசுக்குத்தான் போகும் பாய்.”

டைப் அடித்தவன் நான். அங்கே தெருவுக்குப் பெயரில்லை, வீட்டுக்கு நம்பரில்லை. எங்கள் எல்லோருக்கும் விலாசம் என்றால் பெட்டி நம்பர்தான்.

“சரி, போன்ல எப்படிச் சொல்வீங்க?” என்றார் சர்வேயர்.

“பள்ளிவாசலுக்குப் பின்னாடி, சிமென்ட் மூட்டை அடுக்கின சந்து, பச்சைக் கதவு.”

“மூட்டை தீர்ந்துட்டா?”

பாய் யோசித்தார். “பச்சைக் கதவு இருக்குல்ல?”

“அந்தச் சந்துல ஏழு பச்சைக் கதவு. எண்ணிட்டுத்தான் வர்றேன்.”

எனக்கு மண்டை குடைந்தது. வண்டி உண்மையிலேயே வருமா, வராதா? மறுநாள் பாயை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். டிரைவர் ஒரு பட்டாணியர். “பாய்சாப், இவர் கடைக்குச் சாயா குடிக்க வாங்க. வண்டியோட வாங்க” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் ஸ்டேஷன் பெரியவரிடம் கேட்டுக்கொண்டு வண்டியோடு வந்துவிட்டார்.

வந்தவர் சந்து முனையிலேயே நின்றார். சிமென்ட் மூட்டைகள் வழியை அடைத்திருந்தன. “யல்லா, ஜல்தி!” என்று ஹாரன் அடித்தார். தும்பைப்பூச் சட்டையோடு பாயே முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினார். மூட்டைக்காரரும் வெட்கப்பட்டு ஓடிவந்து கை கொடுத்தார். வழி விட்டதும் வண்டி வாசல்வரை வந்தது. சாயா குடித்த டிரைவர் மூன்றாவது டம்ளரையும் கேட்டார்.

அந்த வாரமே பாய் கதவுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார். சர்வேயர் மறுபடி வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வண்டியை வரச்சொல்லிப் பார்த்தார். ஒரு வகுப்பு ஏற்றினார். “அதுக்கு மேல கேக்காதீங்க, சந்துல தண்ணிக் குழாய் இல்லை.” அதுவே பாய்க்குப் போதும். பள்ளிவாசல், சந்து, சிவப்புக் கதவு என்று விலாசத்தை நான் மூன்று வரியில் அடித்தேன்.

சாவி கைக்கு வந்த அன்றே பாய் ஆபீசுக்கு வந்தார். “புள்ளைகளைக் கிளம்பச் சொல்லிக் கடுதாசி போடணும் தம்பி. பதில் எழுத நம்ம விலாசம் என்னன்னு போட?”

சிவப்புக் கதவுக்கு வண்டி வரும், தபால் வராதே. வேறென்ன, பெட்டி நம்பர்தான்.